காலிற் கட்டிய கவசம்

ஆட்டக்களத்தில் இறங்கும் ஒருவர் தம் உடம்பைக் காத்துக்கொள்ள எவ்வளவு உறை அணியலாம்? கேள்வி எளியதாகவே தோன்றுகிறது. அடிபடாமல் இருக்க நினைப்பவரை யார் குறைகூறுவார்? ஆயினும் இக்கேள்வியை வைத்துக்கொண்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடி வரும் ஆட்டம் ஒன்று உண்டு. பாரதத்தின் எந்த மூலைக்குப் பிழைக்கச் சென்ற தமிழருக்கும், அவ்வூர் மொழி நாவிற் படியுமுன்னரே அண்டைவீட்டாரோடு பேசிப் பழகத் துணைசெய்யும் கிரிக்கெட்டே அது.

அண்மைக் காலத்தில் பெயின்ட்பால் என்றோர் ஆட்டம் பெருநகரங்களில் பரவியிருப்பதை நேயர்கள் அறிவார்கள். 1981-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் தோன்றிய அவ்வாட்டத்தில், துப்பாக்கியிலிருந்து வரும் சாய உருண்டை உடம்பிற்பட்டு உடைந்தால்தான் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். உடையாமல் தெறித்துவிட்டால் அடியே பட்டதாகாது. அப்படியிருக்க, சட்டைக்குள் மெத்தென்ற உறையைத் திணித்துக்கொண்டு வருபவர் வலிக்கு அஞ்சி அணிந்தாரா, உருண்டை உடையாதிருக்கும்பொருட்டு அணிந்தாரா என்று எதிரணியார் ஐயுறுவது இயல்பே. நேற்று முளைத்த ஆட்டத்தின் இந்த வழக்கை, கிரிக்கெட்டின் பழைய ஏடுகளைப் புரட்டினால் தெளிவாக விளங்கிக்கொள்ளலாம் என்பது நம் எண்ணம்.

1771-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செர்ட்சி அணிக்கும் ஹாம்பிள்டன் அணிக்கும் ஆட்டம் நடந்தது. ஒயிட் என்னும் ஆட்டக்காரர், பின்னால் நட்டிருந்த ஸ்டம்புகளையெல்லாம் மறைக்கத்தக்க அகலமுள்ள மட்டையோடு வந்து நின்றார். ஹாம்பிள்டன் அணியினர் வெகுண்டனர். அதன் விளைவாக மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்துக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தனர். அந்த அளவு இன்றுவரை மாறவில்லை. மட்டைக்கு அகலம் குறைந்ததும், வேறொன்றால் ஸ்டம்பை மறைக்க முடியுமா என்று மனிதமூளை தேடத் தொடங்கியது போலும். 1774-இல் எழுதப்பட்ட விதிகளில், வேண்டுமென்றே காலைக் குறுக்கே வைத்துப் பந்தைத் தடுப்பவர் ஆட்டமிழப்பார் என்ற புதிய வாசகம் இடம்பெற்றது. எல்.பி.டபிள்யூ. என்று நாம் இன்று சொல்லும் விதியின் பிறப்பு அதுவே. காலிற் கட்டும் 'பேடு' தோன்றுமுன்னரே விதி தோன்றிவிட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

முதன்முதலாகக் காலுக்குக் காப்புத் தேடியவர்களில் ஒருவர் ராபர்ட் ராபின்சன். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் மெல்லிய மரப்பலகைகளைத் தம் காலிற் பொருத்திக்கொண்டு ஆடினார். பந்து பட்டபோதெல்லாம் பலகை பெருஞ்சத்தம் எழுப்பவே, கண்டோர் நகைத்தனர். அந்த நகைப்பைத் தாங்கமாட்டாமல் அவர் பலகையைக் கழற்றிவிட்டார். அடிபடுவதை ஆண்மையென்று எண்ணிய காலம் அது. அந்த எண்ணத்துக்கு விலைகொடுத்தவர் ஆல்பிரட் மின். 1836-இல் லெஸ்டர் நகரில் நடந்த ஆட்டத்தில், முன்பே காயமுற்றிருந்த காலோடு, பேடு ஏதுமின்றி, வேகப்பந்துகளை ஏற்று நின்று 125 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காதிருந்தார். ஆட்டம் முடிந்தபின் அந்தப் பேருருவினரைக் குதிரைவண்டியின் கூரைமேற் கிடத்தி இலண்டனுக்குக் கொண்டுசென்றனர். காலையே வெட்டிவிடலாமா என்று மருத்துவர்கள் ஆலோசிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான், தோள்மட்டம்வரை கையை உயர்த்திப் பந்து வீசலாம் என்று விதி இசைந்திருந்தது. வீச்சின் வேகம் ஏறியபின் காலுக்குப் பேடும் கைக்கு உறையும் மெல்ல மெல்லப் பரவின. நகைத்தவர்களும் கட்டிக்கொண்டார்கள்.

இதுவரை கவசத்தின் பக்கமே நியாயம் இருந்தது. பின்னர்தான் சிக்கல் எழுந்தது. கால் வலிக்காது என்று ஆனபின், அதே காலை இரண்டாவது மட்டையாகப் பயன்படுத்தினால் என்ன என்ற நினைப்பு வந்தது. 1880-களில் ஆர்தர் ஷ்ரூஸ்பரி போன்ற தேர்ந்த ஆட்டக்காரர்கள், வெளியே விழுந்து உள்ளே திரும்பும் பந்துகளை மட்டையால் தொடாமல் பேடால் தடுத்து நிறுத்தும் வழக்கத்தை ஒரு கலையாகவே வளர்த்தனர். 1771-இல் மட்டையிலிருந்து பறிக்கப்பட்ட அகலம், காலின் வழியாகத் திரும்பிவந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். இதைத் தடுக்க விதியை இறுக்கவேண்டுமென்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எம்.சி.சி. கழகத்தில் தீர்மானம் வந்தது. 259 பேர் ஆதரித்தனர்; 188 பேர் எதிர்த்தனர். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டுமாதலால் தீர்மானம் தோற்றது. ஆஃப் பக்கம் வெளியே விழுந்து திரும்பும் பந்துக்கும் எல்.பி.டபிள்யூ. கொடுக்கலாம் என்ற திருத்தம் 1935-இல் சோதனையாக வந்து, 1937-இல் நிலைபெற்றது. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. பந்து காலிற் படும் இடம் ஸ்டம்புகளின் நேர்கோட்டுக்குள் இருக்கவேண்டும். கோட்டுக்கு வெளியே காலை நீட்டிவிட்டால் நடுவர் விரலை உயர்த்த வழியில்லை.

அந்த ஓட்டையின் முழு அளவும் 1957-இல் பர்மிங்காம் நகரின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் தெரியவந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் சுழற்பந்து வீச்சாளர் சானி ராமதீன் நமக்கு முற்றும் அயலாரல்லர். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிச் சென்ற இந்தியர் வழியில் டிரினிடாடில் பிறந்து, அத்தீவுகளின் அணியில் இடம்பெற்ற முதல் இந்திய வம்சாவளியினர் அவர். எந்தப் பந்து எப்பக்கம் திரும்பும் என்று அவர் கையைப் பார்த்துச் சொல்ல ஆங்கிலேயரால் இயலவில்லை. முதல் இன்னிங்சில் 49 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இங்கிலாந்து 186 ஓட்டங்களுக்குள் அடங்கியது. 288 ஓட்டங்கள் பின்தங்கி இரண்டாம் இன்னிங்சைத் தொடங்கிய இங்கிலாந்தைக் காத்தவர்கள் பீட்டர் மே, காலின் கவுட்ரி என்னும் இருவர். அவர் கையைப் படிப்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள். இடக்காலை நன்றாக முன்னால் நீட்டி, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே நிறுத்தி, பந்து எப்பக்கம் திரும்பினாலும் பேடிற் படட்டும் என்று விட்டார்கள். ராமதீன் முறையிட்டார், நடுவர் மறுத்தார், மீண்டும் முறையிட்டார். நான்காம் விக்கெட்டுக்கு 411 ஓட்டங்கள் சேர்ந்தன. மே 285 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்றார். கவுட்ரி 154. அந்த ஓர் இன்னிங்சில் ராமதீன் வீசியவை 98 ஓவர்கள், அதாவது 588 பந்துகள். டெஸ்ட் வரலாற்றில் ஓர் இன்னிங்சில் வேறு எவரும் அத்தனை வீசியதில்லை. அதன்பின் இங்கிலாந்தில் அவருடைய பழைய வலிமை திரும்பவேயில்லை.

இருவரும் விதிக்கு உட்பட்டே ஆடினார்கள். அவர்கள்மீது குற்றம் சுமத்துவது முறையன்று. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: பேடு கட்டாத காலாயின், அத்தனை மணிநேரம் அத்தனை பந்துகளை அது ஏற்று நின்றிருக்குமா? காப்பதற்கென்று அனுமதித்த பொருள் அங்கே ஒருவரின் ஆற்றலைத் தோற்கடிக்கும் கருவியாகிவிட்டது. கர்ணனுக்குப் பிறப்போடு வந்த கவசத்தைத் தேவேந்திரன் வேதியராக வந்து கேட்டுப் பெற்றுக்கொண்டான் என்று பாரதம் கூறும். அது வஞ்சகம் என்றே நாம் படித்திருக்கிறோம். இந்த ஆட்டத்தின் கதையைப் படித்தபின், கவசத்தை எதிர்த்து நின்றவர் பக்கமும் ஒரு சொல் இருக்கிறது என்று தோன்றுகிறது.

கிரிக்கெட் விதி கவசத்தைக் கழற்றச் சொல்லவில்லை. அதனால் வரும் இலாபத்தை மட்டும் கழித்துக்கொண்டது. பந்தை அடிக்க உண்மையான முயற்சி எதுவும் செய்யாமல் பேடை நீட்டினால், கோட்டுக்கு வெளியே பட்டாலும் எல்.பி.டபிள்யூ. உண்டு என்ற மாற்றம் 1970-களில் நடைமுறைக்கு வந்து, 1980-ஆம் ஆண்டு விதித்தொகுப்பில் நிலையான இடம் பெற்றது. அடிக்க முயலாமலோ, பந்துக்கு விலக முயலாமலோ உடம்பில் வாங்கிக்கொண்டவருக்கு 'லெக் பை' ஓட்டமும் கிடையாது. சென்னையின் வெங்கடராகவன் 57 டெஸ்ட் ஆட்டங்களில் ஆஃப் சுழல் வீசிவிட்டு, பின்னர் 73 டெஸ்ட் ஆட்டங்களில் நடுவராக நின்றார். பேடின்மேல் பந்து படுவதை இரு நிலைகளிலிருந்தும் அவரைப்போல் கண்டவர் அரியர்.

சட்ட வாசகங்களை மொழிபெயர்த்தே காலங்கழிக்கும் நமக்கு, ஒரு விதியில் 'உடல்' என்ற சொல் எதையெல்லாம் அடக்கும் என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கிரிக்கெட் விதியில் இந்த வரையறை மிக நுட்பமானது. மட்டையாடுபவரின் பேடு உடம்பில் ஒரு பகுதி. கையுறையோ, மட்டையைப் பற்றியிருக்கும்வரை மட்டையில் ஒரு பகுதி. அதிற்பட்ட பந்தைப் பிடித்தால் ஆட்டமிழப்பு. விக்கெட் காப்பாளர் தவிர்ந்த பிற களத்தடுப்பாளர்கள் கையுறையோ, வெளிப்படையான கால்காப்போ அணியவே கூடாது, தலைக்கவசம் அணியலாம். மண்டை உடையாதிருக்க வழி உண்டு, பந்து பிடிப்பதை எளிதாக்க வழி இல்லை என்பதே இதன் உட்பொருள்.

தலையைப் பற்றிய கதை வேறு. அங்கே இலாபக் கணக்கு குறைவு, உயிர்க் கணக்கு மிகுதி. 1870-இல் இலார்ட்ஸ் மைதானத்தில் துள்ளி எழுந்த பந்து தலையிற் பட்டு ஜார்ஜ் சம்மர்ஸ் என்ற 25 வயது இளைஞர் சில நாட்களில் இறந்தார். அவருக்கு அடுத்து ஆடவந்த ரிச்சர்டு டாஃப்ட் தலையில் துவாலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அந்தத் துவாலைக்கும் முறையான தலைக்கவசத்துக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் கழிந்தது. அதற்குள் 1962 மார்ச் மாதம் நம் அணித்தலைவர் நாரி காண்டிராக்டர் பார்படோசில் சார்லி கிரிபித்தின் பந்தால் மண்டை உடைந்து வீழ்ந்தார். மேற்கிந்திய அணித்தலைவர் பிராங்க் வொரல் தம் இரத்தத்தைக் கொடுத்தார். உயிர் பிழைத்த காண்டிராக்டர் மீண்டும் டெஸ்ட் ஆடவில்லை. 21 வயதுப் பட்டோடி தலைமை ஏற்றார். கல்கத்தாவில் வாழும் நேயர்கள், வொரல் நினைவாகப் பிப்ரவரி 3-இல் அங்கே நடக்கும் இரத்ததான முகாமைக் கண்டிருப்பார்கள்.

இத்தனைக்குப் பின்னும், 1978-இல் அதே பார்படோசில் கிரஹாம் யாலப் டெஸ்ட் ஆட்டத்தில் முதன்முறையாகத் தலைக்கவசத்தோடு வந்தபோது கூட்டம் கூச்சலிட்டுப் பரிகசித்தது. ராபின்சனின் பலகையைக் கண்டு சிரித்த அதே சிரிப்புத்தான். தலைக்கவசம் வந்தபின் மட்டையாளர் துணிச்சலும் பந்துவீச்சாளர் கொடுமையும் ஒருங்கே ஏறின என்று வாதிப்போர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். அதற்காக எவர் மண்டையையும் பணயம் வைக்க நாம் இசையமாட்டோம். 2014 நவம்பரில் சிட்னியில் பிலிப் ஹியூஸ் தலைக்கவசம் அணிந்திருந்தும், அதற்குக் கீழே கழுத்திற் பந்து பட்டு இறந்தார். அதன்பின் கழுத்துக்காப்புச் சேர்ந்தது. வேகப்பந்தை எதிர்கொள்வோர் அதை அணிந்தே தீரவேண்டுமென ஆஸ்திரேலியா 2023-இல் கட்டாயமாக்கியது. ஆயினும் கவசமணிந்த தோளும் தலையும் விதிக்கு அப்பாற்பட்டவை அல்ல. 1999-இல் அடிலெய்டில் குனிந்த டெண்டுல்கரின் தோளிற் பந்து பட்டபோது எல்.பி.டபிள்யூ. கொடுக்கப்பட்டதை நம்மவர் இன்றும் மறந்தாரில்லை.

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் நம் குடியிருப்புக்கு எதிரே உள்ள திடலில் மாலைதோறும் சிறுவர்கள் ஆடுகிறார்கள். தமிழ், வங்காளி, பஞ்சாபி வீட்டுப் பிள்ளைகள் கலந்த கூட்டம். டென்னிஸ் பந்து, பேடு இல்லை, எல்.பி.டபிள்யூ. இல்லை. சென்ற குளிர்காலத்தில் ஒரு பையன் அண்ணனுடைய பழைய பேடுகளைக் கொண்டுவந்தான். ஆளுக்கொன்றாக முன்காலில் மட்டும் கட்டிக்கொண்டு ஆடத் தொடங்கியபோது பெருஞ்சச்சரவு மூண்டது. அரைமணி நேர வழக்குக்குப் பின், பேடு கட்டினவனுக்கு எல்.பி.டபிள்யூ. உண்டு, கட்டாதவனுக்கு இல்லை என்று முடிவாயிற்று. மறுநாள் அந்தப் பேடுகள் இரண்டும் ஸ்டம்புக்குப் பின்னால், பந்து சாக்கடைக்குள் ஓடாதபடி, அணையாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன.