முறியாமல் நின்ற இழைகள்

நம் முதுகெலும்புக் கோவையின் நடுவே, சுண்டுவிரலின் பருமனளவே உள்ள ஒரு வடம் ஓடுகிறது. மூளையின் கட்டளையைக் கைகால்களுக்கும், உடலின் உணர்வை மூளைக்கும் சுமந்து செல்லும் தண்டுவடம் அது. கி.மு. 1600 அளவில் படியெடுக்கப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று, கழுத்தெலும்பு பிசகிக் கைகால்களின் உணர்வை இழந்தவரை மருத்துவத்திற்கு அப்பாற்பட்டவர் என்று ஒதுக்கி வைத்தது. அத்தீர்ப்பு இருபதாம் நூற்றாண்டு வரை பெரிதும் மாறவில்லை. முதல் உலகப் போரில் இவ்வாறு காயமுற்ற வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த்தொற்றாலும் மாண்டனர்.

காயத்திற்குப் பின் நரம்புக்குள் நிகழ்வது என்ன? 1850-இல் ஆங்கில மருத்துவர் அகஸ்டஸ் வாலர், தவளையின் நாக்கு நரம்பை வெட்டி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். வெட்டுக்கு அப்பால், உயிரணுவின் தொடர்பிழந்த இழை படிப்படியாகச் சிதைவதைக் கண்டார். மறு ஆண்டு வியன்னாவின் லுட்விக் டுர்க், தண்டுவடத்திலும் அத்தகைய சிதைவு குறித்த பாதைகளில் பரவுவதைக் காட்டினார். ஆயினும் மனிதரிடத்தில் இவற்றை இறந்தபின் மட்டுமே காண முடிந்தது. 1895-இல் ராண்ட்கன் கண்டறிந்த எக்ஸ் கதிரோ எலும்பைக் காட்டியதேயன்றி, அதனுள் கிடந்த வடத்தைக் காட்டவில்லை.

காணுமுன்னரே அன்பு செயற்பட்டது என்பதை இவ்வரலாற்றில் நாம் மறத்தலாகாது. நாசிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இந்நோயாளருக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். இரண்டு மணிக்கொருமுறை அவர்களைப் புரட்டிப் படுக்கவைத்தும், தொழிலும் விளையாட்டும் பயிற்றியும் வாழச் செய்தார். 1960-இல் உரோமையில் நடந்த போட்டிக்கு வந்த அவ்வீரர்களைத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் வத்திக்கானில் வரவேற்றார். நம் வேலூரிலோ, 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் புரிந்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தோன்ற அவரே காரணமானார்.

அன்பைத் தொடர்ந்து பார்வையும் வந்தது. 1973-இல் பால் லாட்டர்பர், காந்தப்புலத்தில் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சைகைகளைக் கொண்டு படம் வரைந்தார். பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அம்முறையை வளர்த்தார். 2003-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். எம்.ஆர்.ஐ. எனும் அம்முறையால், உயிருள்ளவரின் தண்டுவடத்தில் வீக்கத்தையும் குருதிக்கசிவையும் காண முடிந்தது. நீர் நரம்பிழையின் குறுக்கே செல்வதைவிட அதன் நெடுக்கில் எளிதாகச் செல்லும். இழை சிதைந்தால் அவ்வேறுபாடு குறையும். 1994-இல் வெளியான புதிய கணக்கு முறை இதனை அளக்க வழிசெய்தது.

அதன்பின் தெரியவந்தவை வியப்பூட்டுவன. காயத்திற்கு மேலே, அடிபடாத தண்டுவடமும் சில திங்களிலேயே மெலிகின்றது. மூளையிலும் மாற்றம் தொடர்கின்றது. இதனை 2013-இல் வெளியான சூரிச் ஆய்வு காட்டியது. 2017-இல் அந்நகர ஆய்வாளர் மற்றொன்றும் கூறினர்: காயத்தின் ஓரத்தில் மெல்லிய திசுப்பாலம் எஞ்சியிருப்போரில், அப்பாலம் அகன்றதாயின், மீட்சியும் கூடுதலாயிருந்தது.

படம் நரம்பை ஒட்டவைப்பதில்லை; அறுந்த தண்டுவடத்தை முற்றும் புதுப்பிக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும், எதை இழந்தார் என்பதோடு, எது எஞ்சியுள்ளது என்றும் அது கேட்கக் கற்பிக்கிறது. மாற்கு நற்செய்தியில் முடக்குவாதமுற்றவரைச் சுமந்துவந்த நால்வர், கூட்டத்தைக் கண்டு திரும்பிச் செல்லவில்லை, கூரையைத் திறந்தனர். நம் பங்கிலும் வீட்டோடு முடங்கிய சகோதரர், சகோதரியர் உளர். ஆலய வாயிலில் ஒரு சாய்தளமும், வாரம் ஒருமுறை சந்திப்பும் நம்மால் இயலாதனவா? கடவுளின் சாயல் அவர்களிடத்தில் ஒரு சிறிதும் சிதையவில்லை என்பதை உணர, நமக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.