குவியலும் கட்டணமும்: இப்னு பதூதாவின் புத்தளக் குறிப்பு மீது ஒரு மறுவாசிப்பு

1344 ஓகஸ்ட் இறுதியில் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையான மஅபருக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல், காற்றில் திசைமாறி ஒன்பது நாள் கழித்து இலங்கையின் வடமேல் கரையை அடைந்தது. அங்கே அவர் கண்ட ‘பத்தாலா’ புத்தளமே என்பதை இக்கட்டுரை விவாதிக்கப் போவதில்லை. பாவா ஆதம் மலைக்குப் போகும் வழியில் அவர் அடுத்தடுத்துக் கடக்கும் ஊர்கள் சிலாபத்தை நோக்கித் தெற்கே இறங்குகின்றன. வேறெந்த ஊரை வைத்துப் பார்த்தாலும் அந்த வரிசை குலைந்துவிடும். விவாதத்துக்குரியது ஒரே வாக்கியம். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் ஊரின் கரை முழுதும் குன்றுபோல் குவிந்து கிடக்கின்றன. மஅபர், மலபார் மக்கள் அவற்றை விலையின்றி எடுத்துச் செல்கின்றனர். ஆனால் அங்கே ஆண்ட மன்னரான ஆரியச் சக்கரவர்த்திக்கு ஈடாகத் துணியும் அதுபோன்ற பொருள்களும் கொடுக்கின்றனர் என்பது அதன் சாரம்.

இவ்வாக்கியத்தை நம் துறை இருவகையாகக் கையாண்டு வந்திருக்கிறது. ஒருசாரார் அதைப் பயணியின் கதையளப்பு என்று ஒதுக்கினர். வறண்ட புத்தளத்தில் கறுவா ஏது என்பது அவர்கள் கேள்வி. மறுசாரார் அதை நம்பினர். நம்பியதோடு, தன் பொருளின் மதிப்பை அறியாத ஒரு தீவையும் அதை வாரிக்கொண்டு போன அயலாரையும் அதிலிருந்து வரைந்தனர். இந்த இரண்டாம் வாசிப்பே இன்றும் செல்வாக்குடன் இருக்கிறது; புத்தளத்தை ஒரு ‘திறந்த கரை’யாக, நிருவாகமற்ற ஒதுக்கிடமாகக் காட்டும் வழக்கம் அதிலிருந்தே கிளைத்தது. இரு சாராரும் வாக்கியத்தின் முற்பகுதியில் நின்றுவிட்டனர் என்பது என் கருத்து. குறிப்பு பேசுவது ஒரு சரக்கேற்று முறையைப் பற்றி: பருவத்துக்குக் காத்திருக்கும் ஒரு குவியல், அதை எடுக்க வரும் கப்பல்கள், எடுப்பதற்கு வாங்கப்படும் கட்டணம்.

முதலில் குவியல். யார் வேண்டுமானாலும் விலையின்றி எடுக்கக்கூடிய பண்டம், அதைத் தேடிக் கடல் கடந்து ஆள் வரும் கரையில், குன்றாக நிற்காது. நிற்கிறது என்றால் யாரோ அதைக் காத்து நிற்கிறார்கள். இப்னு பதூதா வந்த மாதம் இங்கே கவனிக்கத்தக்கது. ஆவணி முடியும் காலம். சோழகம் இன்னும் ஓயவில்லை. கலா ஓயாவும் மீ ஓயாவும் பெருக்கெடுப்பது ஐப்பசி முதல் தை வரை. ஆகவே அவர் கண்ட மரம் அன்றோ முந்தைய வாரமோ ஆற்றில் வந்ததாக இருக்க முடியாது. முந்தைய மழைக்காலத்தில் இறங்கி, பல மாதம் கரையில் கிடந்து காய்ந்த சரக்காகவே இருந்திருக்கும். காற்று மாறும்வரை கப்பல் வராது என்பதால் அது கிடந்தது என்று கொள்வதே பொருத்தம்.

அடுத்தது வெள்ளம். மீ ஓயாவின் கரையில் மழைக்காலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஆறு எதைக் கொண்டு வரும் என்று தெரியும்: வேரோடு சாய்ந்த மருதமரம், பாலைக்கிளை, மூங்கில், சேறு. வெள்ளம் மரம் பிரிக்காது. கரையில் கிடந்தது கறுவாவாகவே இருந்தால், தொடர்ந்து அவர் குறிப்பிடும் பதங்கம் என்னும் சாயமரமும் அதோடு சேர்ந்திருந்தால், மேலே எங்கோ ஆள்கள் தேர்ந்து வெட்டி, நீர் ஏறும் நாள் பார்த்து ஆற்றில் இறக்கியிருக்க வேண்டும். பயணி கண்டது முடிவிடத்தை மட்டும். வெள்ளம்தான் கொண்டுவந்தது என்று ஊரார் சொல்லியிருப்பர், அது பொய்யுமல்ல.

கறுவா ஈரவலயத்து மரம். பிற்காலத்தில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கறுவா நிலத்தின் வட எல்லையாகச் சிலாபத்தைக் கொண்டனர். புத்தளத்துக்கு அது வந்தது என்றால் மலைநாட்டோடு ஒரு தொடர்பு இருந்திருக்க வேண்டும். கலா ஓயாவின் தலைப்பகுதி மாத்தளைக் குன்றுகளை ஒட்டியது. 1359ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் மடவளைக் கல்வெட்டு, ஆரியச் சக்கரவர்த்தியின் சார்பில் மலைநாட்டின் சில பகுதிகளில் வரி தண்டுவதற்குச் செய்த ஏற்பாட்டைக் கூறுகிறது. மாத்தளை அப்பகுதிகளுள் ஒன்று. அக்கல்வெட்டின் வாசிப்பிலும் கருத்து வேறுபாடு உண்டு. அதன் மீது முழுப் பாரத்தையும் ஏற்ற மாட்டேன். எனினும் இப்னு பதூதா சந்தித்த அதே அரச மரபு, பதினைந்து ஆண்டுக்குள் கறுவா விளையும் மலைச்சாரலில் வரி உரிமை கொண்டிருந்தது என்பதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம். கலாவெவ அணை கட்டைகளைத் தடுத்திருக்குமே என்பாருக்கு விடை எளிது: அணைவரை பொதிமாடு, அணைக்குக் கீழே ஆறு.

விலை அறியாத தீவு என்ற வாதத்துக்கு இங்கே அதிக இடம் தேவையில்லை. 1283இல் யாப்பகூவாவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு எகிப்தின் மம்லூக் சுல்தானுக்கு அனுப்பிய தூது, தன்னிடமுள்ள ஏற்றுமதிப் பொருள்களை முத்து, மாணிக்கம், யானை என்று அடுக்கும்போது கறுவாவையும் சேர்த்தே சொன்னது. அறுபது ஆண்டு கழித்து, யாப்பகூவாவுக்கு மேற்கே கடற்கரையில் இருந்தவர்கள் அதை விறகாக எண்ணினார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இனிக் கட்டணம். ‘விலையின்றி’ என்பது கப்பல்காரரின் பார்வை. அவர் மரத்தை விற்பவரிடம் பேரம் பேசவில்லை. ஏற்றுவதற்கு உரிமை தந்த மன்னருக்குத் துணி கொடுத்தார். மஅபரின் துணி அக்காலத்தில் இந்துமாக்கடலின் பல கரைகளில் பணத்தின் வேலையைச் செய்தது. ஆகவே வாக்கியத்தின் இரு பாதிகளும் முரண்படவில்லை. சரக்கின் விலை மலைநாட்டு வரியில் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. கரையில் மிஞ்சியது துறைக்கட்டணம். அதை மன்னரே வாங்கினார், வணிகரல்லர். இந்த ஏற்பாட்டைப் பரிசுப் பரிமாற்றம் என்று பெயரிட்டு விலகுவோர், பரிசு கொடுக்காமல் எவராவது மரம் ஏற்றினார் என்பதற்கு ஒரு சான்றும் காட்டவில்லை.

குறிப்பில் இன்னொரு விவரம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. கப்பல் நின்ற இடத்தில் இறங்கிய இப்னு பதூதாவிடம் ஆள்கள் வந்து விசாரிக்கின்றனர். அவர்கள் போய் மன்னரிடம் சொல்கின்றனர். மன்னர் அழைத்த பின்னரே அவர் ஊருக்குச் செல்கிறார். மரவேலியும் மரக் கோபுரங்களும் கொண்ட அந்தச் சிற்றூரும் கப்பல் நின்ற இடமும் ஒன்றல்ல. களப்பைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. புத்தளம் களப்பின் சராசரி ஆழம் ஒன்றிரண்டு மீற்றர்; கடலுக்குத் திறக்கும் வாய் வடக்கே கற்பிட்டிப் பக்கம். பெருங்கப்பல் வெளியே நிற்கும், தோணியும் வத்தையும் உள்ளே ஓடும். ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கோட்டையை ஊரில் கட்டாமல் கற்பிட்டியில் கட்டியதும், கண்டி மன்னரின் புத்தள வணிகத்தை அங்கிருந்தே நெரித்ததும் இதே புவியியல் காரணத்தால்தான்.

இந்த முறை எப்படி இயங்கியிருக்கும் என்பதைக் கற்பனை செய்யத் தேவையில்லை. அதே கற்பிட்டித் தீபகற்பத்தில் இன்றும் ஒன்று இயங்குகிறது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் தலா 300 மெகாவாட் கொண்ட மூன்று அலகுகளுக்கு ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி வாங்குகிறது. அறுபதாயிரம் தொன் அளவில் ஏற்றிவரும் கப்பல் கரையை அணுக முடியாது. அது வெளியே நங்கூரமிட, நிலக்கரி பார்ஜுகளில் இறக்கப்பட்டு இறங்குதுறைக்கு வருகிறது. ஏறத்தாழ ஒக்டோபர் முதல் ஏப்பிரல் வரைதான் இது நடக்கும். சோழகம் எழுந்தால் பார்ஜைக் கப்பலோடு அணைக்க முடியாது. அதனால் ஆண்டு முழுதுக்குமான நிலக்கரி ஆறேழு மாதத்தில் வந்து, முற்றத்தில் மலையாகக் குவிந்து, மீதி மாதங்களுக்குக் காத்திருக்கிறது. 2022இல் டொலர் இல்லாமல் கொள்வனவு தடைப்பட்டபோது நாடு பதறியது இதனால்தான்: பருவம் தவறினால் பணம் வந்தும் பயனில்லை. அந்த முற்றத்தை அறியாத ஒருவர் ஆவணி மாதம் அங்கே வந்திறங்கினால், இவ்வளவு நிலக்கரியையும் கேட்பாரற்றுக் கிடப்பதாகவே எழுதக்கூடும்.

இந்த ஒப்பீட்டை ஓர் எல்லைக்கு மேல் இழுக்க முடியாது. திசை வேறு: அன்று ஏற்றுமதி, இன்று இறக்குமதி. நுரைச்சோலை திறந்த கடலைப் பார்க்கிறது, பத்தாலா களப்பின் உள்ளே. ஆனால் ஆழமற்ற கரை, பருவக்காற்று, பெரிய கப்பல் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் குவியல் தவிர்க்க முடியாதது என்பதை நிறுவ ஒப்பீடு போதும்.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று. கொல்லத்துக்குப் போகும் ஆற்று வழியிலும் மரமெல்லாம் கறுவாவும் பதங்கமும், அவற்றையே விறகாக எரித்துச் சமைத்தோம் என்று இப்னு பதூதா சொல்கிறார். நூல் 1355இல் பாஸ் நகரில் வாய்மொழியாகச் சொல்லி எழுதப்பட்டது. இரண்டு நினைவுகள் கலந்திருக்கலாம். மரத்தை அடையாளம் காண்பதில் அவரை முழுதும் நம்ப முடியாது என்பதை ஏற்கிறேன். குவிந்தவற்றில் பெரும்பகுதி சாயமரமாகவோ தரக்குறைவான கறுவாக் கட்டையாகவோ இருந்திருக்கலாம். நீரில் ஊறிய பட்டை மணம் இழக்கும் என்ற ஆட்சேபமும் அதோடு தீர்கிறது. ஆனால் கொல்லத்துக் குறிப்பில் நிற்கும் மரமும் அடுப்பும் மட்டுமே உண்டு. புத்தளத்துக் குறிப்பில் குவியலும், பெயர் சொல்லப்பட்ட இரு நாட்டு ஏற்றுநரும், மன்னர் பெறும் துணியும் உண்டு. மரத்தின் பெயரில் தவறியவர் ஏற்பாட்டிலும் தவறினார் என்று சொல்ல அது போதாது.

கடற்கொள்ளை நடத்திய மன்னர் கட்டண ஒழுங்கை நடத்தியிருப்பாரா என்ற ஆட்சேபம் இதைவிட மெலிது. இம்மன்னரின் கப்பல்கள் கடலில் கொள்ளையடிப்பவை என்று மாலுமிகள் அஞ்சியது உண்மை. தான் மஅபரில் இருந்தபோது அம்மன்னருடைய சிறிதும் பெரிதுமான நூறு கப்பல்கள் வந்ததையும், அப்போது துறையில் மஅபர் சுல்தானின் எட்டுக் கப்பல்கள் யெமன் புறப்பட நின்றதையும், யெமன் போகும் எங்கள் கப்பல்களுக்குக் காவலாகவே வந்தோம் என்று வந்தவர்கள் சொன்னதையும் இப்னு பதூதா கூறுகிறார். அதைப் பொய்ச்சாட்டு என்றே அவரும் அவர் வழியில் பலரும் கொண்டனர். காவலுக்கும் கொள்ளைக்கும் இடையிலான கோடு யார் கட்டணம் செலுத்தினார் என்பதில் இருந்தது என்று நான் வாசிக்கிறேன். 2023 இறுதி முதல் அதே யெமன் கரையில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது போர் அபாயக் காப்புறுதி எகிறியதையும், கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியதையும், கொழும்பு முனையங்களில் நெரிசல் மிகுந்ததையும் கண்ட தலைமுறைக்கு, பாதுகாப்பு ஒரு சரக்குச் செலவு என்பதை விளக்க வேண்டியதில்லை. தன் நாட்டில் பயணி அலைந்து திரும்பும்வரை அவருடைய கப்பலுக்குப் புகலளித்தவரும் இதே மன்னர்தான்.

இந்த வாசிப்பு ஏற்கப்பட்டால் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது இன்றைக்கானது. வடமேல் கரையின் பருவக் கட்டுப்பாட்டை ஆழ்துறைமுகம் இல்லாத குறையாகவே பேசுகிறோம். அக்குறை நீங்கும்வரை, நீங்காமலும் போகலாம், குவியலுக்கு இடம் கொடுப்பவருக்கு என்ன ஈடு என்ற கேள்வி நிற்கும். சோழகத்தில் நிலக்கரித் தூசி நுரைச்சோலை வீடுகளிலும் தோட்டங்களிலும் படிகிறது என்று அப்பகுதி மக்கள் பலகாலமாக முறையிடுகின்றனர். கப்பலுக்குத் தாமதக் கட்டணம் நாள் கணக்கில் எண்ணப்படுகிறது. குவியலின் அயலில் வாழ்வோரின் இழப்புக்கு அப்படியொரு கணக்கு இல்லை.

இரண்டாவது அகழாய்வுக்கானது. 14ஆம் நூற்றாண்டுப் புத்தளத்தைத் தேடுவோர் ஊரின் நடுவில் கல் இறங்குதுறையையும் பண்டசாலையையும் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். தேட வேண்டியது களப்பின் கிழக்குக் கரையில், கலா ஓயா கழிமுகத்துக்கும் மீ ஓயா கழிமுகத்துக்கும் இடைப்பட்ட மேட்டுத்திடல்களை: மக்கிய மரப்படிவம், காவலர் தங்கிய அடுப்புத் தடம், ஏற்றுநர் விட்டுச்சென்ற மஅபர்ப் பானை ஓடு. பழைய வாசிப்பு சரியென்றால் அங்கே எதுவும் இருக்கக் கூடாது. இலவசமாக வாரிச் சென்றவர்கள் முகாமிட்டிருக்க மாட்டார்கள். இருக்கும் என்றே நான் கருதுகிறேன்.