தீ வைக்கத் தெரிஞ்சவங்க

மதுரைக்காரனுக்குத் தீன்னா முதல்ல ஞாபகம் வர்றது கண்ணகிதான். நான் சொல்லப்போறது வேற தீ. காட்டைக் காப்பாத்தறதுக்காகவே வைக்கற தீ. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைவா இருந்ததால ஒரு வாரமா இதைப் பத்தித்தான் படிச்சிட்டிருந்தேன் :-)

விஷயம் ரொம்ப எளிது. புல்லும் சருகும் வருஷா வருஷம் சேருது. பனி ஈரம் இன்னும் போகாத தை மாசத்துல துண்டு துண்டா எரிச்சா, தீ முழங்கால் உயரத்துல தவழ்ந்து போயி தானா அணைஞ்சிரும். எரிக்காமலே பல வருஷம் சேர்த்து வச்சா, பங்குனியில ஒரு பொறி போதும், மரமே பத்திக்கும். சர்வர்ல லாக் ஃபைலை அப்பப்போ அழிக்காம விட்டா ஒரு நாள் டிஸ்க் நிரம்பி மொத்தமாப் படுத்துக்குமே, அதே கதைதான்.

மலையில இருக்கறவங்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரியவேண்டியதில்ல. ஆனா 1864-ல் வெள்ளைக்காரன் வனத்துறையைத் தொடங்கினப்போ, ஜெர்மனியிலிருந்து வந்த பிராண்டிஸ் அதுக்குத் தலைவர். மரம் அரசாங்கத்தோட சொத்து, தீ அந்தச் சொத்துக்கு எதிரி. இதான் அன்னைக்குப் பாடம். 1882-ல் வந்த சென்னை வனச்சட்டப்படி ஒதுக்குக் காட்டுல தீ வைக்கறது குற்றம். தாத்தா காலத்து வழக்கம் ஒரே கையெழுத்துல களவு மாதிரி ஆயிருச்சு.

வேடிக்கை என்னன்னா, அவங்க ஆளுங்களுக்கே சீக்கிரம் சந்தேகம் வந்திருச்சு. பர்மாவுல தேக்குதான் பணம். அங்க தீயைத் தடுத்த இடங்கள்ல மூங்கிலும் புதரும் மண்டி, தேக்குக் கன்னு வெளிச்சம் இல்லாம மேல வரல. ஸ்லேட் என்கிற வன அதிகாரி 1896-ல் 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழ்ல, பர்மாவில் தீத்தடுப்பு மிதமிஞ்சிப் போச்சுன்னே எழுதினார். அப்புறம் பல வருஷம் வாக்குவாதம். கடைசியில சில காடுகள்ல முன்பருவ எரிப்பைத் துறையே ஏத்துக்கிச்சு. மலைவாசி செஞ்சா குற்றம், துறை செஞ்சா விஞ்ஞானம். என்னத்தச் சொல்ல!

நம்ம பக்கத்துக்கு வருவோம். போடிக்கு மேல ஏறினா மூணாறு, அதைத் தாண்டினா இரவிகுளம். 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. அதுக்கு முன்னாடி தோட்டத் துரைமார்களோட வேட்டைக்காடு. வரையாடுகள் அதிகமா வாழற இடம் இதுதான். முத்தின புல்லை வரையாடு விரும்பாது, எரிஞ்ச இடத்துல துளிர்க்கற இளம்புல்தான் அதுக்கு விருந்து. அதனால குளிர்காலத்துல புல்வெளியைப் பகுதி பகுதியா எரிக்கற வழக்கம் அங்க ரொம்ப நாளா உண்டு. அந்த வேலைக்குத் துணை நின்னவங்க முதுவர்கள். அவங்க வாய்மொழிக் கதைப்படி பூர்வீகம் நம்ம மதுரை. மீனாட்சியை முதுகுல சுமந்துக்கிட்டு மலையேறினதால முதுவராம்!

சத்தியமங்கலத்தை ஒட்டின பிலிகிரிரங்கன் மலையில சோலிகர்கள் இதைத் 'தரகு பெங்கி'ங்கறாங்க, சருகுத் தீ. 1974-ல் அங்க சரணாலயம் வந்தபிறகு அந்த வழக்கம் நின்னுபோச்சு. தீ நின்னதாலதான் உண்ணிச்செடி காட்டை மூடிருச்சுன்னும், நெல்லி மரத்துல புல்லுருவி பெருகிருச்சுன்னும் அவங்க சொல்றாங்க. இதை ஆய்வாளர்களும் பதிவு செஞ்சிருக்காங்க.

இதெல்லாம் பழங்கதைன்னு விட முடியல, காரணம் குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. மலையேறப் போனவங்க காஞ்ச புல்லு நிறைஞ்ச சரிவுல தீக்கு நடுவுல மாட்டி, மொத்தம் 23 பேர் இறந்தாங்க. பலரை நம்ம ராஜாஜி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தாங்க. தை மாசமே அந்தச் சரிவை எரிச்சிருந்தா எல்லாரும் பொழச்சிருப்பாங்கன்னு நான் சொல்லல. அனுமதி, வழிகாட்டி, பருவம்னு அதுல பல தப்பு இருக்கு. ஆனா எந்தச் சரிவுல எவ்வளவு புல் நிக்குது, காத்து எந்தப் பக்கம் திரும்பும்னு தெரிஞ்சவங்க அந்த மலையிலேயேதான் இருக்காங்க.

உடனே தீப்பெட்டியோட கிளம்பிடாதீங்க மக்களே. சோலைக்காடு தீயைத் தாங்காது. உண்ணிச்செடி மண்டின காட்டுல இப்போ வச்சா, சருகுத் தீ உச்சாணிக்கொம்புக்கே ஏறிரும். எங்க, எப்ப, எவ்வளவுங்கறதுதான் முழு வித்தையும்.

வருஷா வருஷம் கோடையில தீயை அணைக்க வனத்துறை மலைவாசி இளைஞர்களைத்தான் கூப்பிடுது. அவங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஐப்பசி கார்த்திகையிலேயே உக்காந்து, இந்த வருஷம் எந்தச் சரிவை எரிக்கலாம், எதைத் தொடவே கூடாதுன்னு கேட்டா என்ன? வயசானவங்க போயிட்டா அந்தக் கணக்கும் கூடவே போயிரும். அதுக்கு பேக்கப் கிடையாது.