36 பவுண்டு 89 பென்ஸ்

நம்மூரில் வீட்டுக்கு சர்வே எடுக்கணும் என்றால் சர்வேயர் வந்து அளந்து எல்லைக்கல்லைத் தேடுவதுதான் ஞாபகத்துக்கு வரும். இங்கிலாந்தில் வீடு வாங்குகிறவர் சர்வே என்று சொன்னால் அது வேறு சமாச்சாரம். கூரை நிற்குமா, சுவரில் ஈரம் ஏறுகிறதா, அஸ்திவாரம் இறங்குகிறதா என்று ஒரு நிபுணர் வீட்டைச் சுற்றிப் பார்த்து எழுதித் தரும் அறிக்கைக்குத்தான் அங்கே அந்தப் பெயர். அதுபோக வேல்யுவேஷன் என்று இன்னொன்று உண்டு. கடன் கொடுக்கிறவர், 'நாளைக்கு இந்த வீட்டை ஏலம் விட்டால் நம்ம காசு தேறுமா' என்று பார்த்துக்கொள்ளும் மதிப்பீடு.

இரண்டும் ஒன்று என்று நம்பி மாட்டிக்கொண்டவர்களின் வழக்குகளைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் சட்டம் படித்தவன் இல்லை. தீர்ப்புகளை பக் ரிப்போர்ட் மாதிரிதான் வாசிக்கிறேன்: என்ன நடந்தது, எங்கே உடைந்தது, யார் தலையில் விழுந்தது.

குழப்பத்தின் வேர் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. இங்கிலாந்தில் சாதாரண ஜனங்களுக்கு வீட்டுக் கடன் கொடுத்தவை பில்டிங் சொசைட்டிகள். கடன் கொடுக்குமுன் எழுத்துப்பூர்வமான மதிப்பீடு வாங்க வேண்டும் என்பது 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றின் கடமை. அதற்கான கட்டணத்தைக் கட்டுவது யார்? கடன் கேட்பவர். அறிக்கை யாருக்கு? சொசைட்டிக்கு. காசு ஒருவர் கட்ட, காகிதம் இன்னொருவருக்குப் போகும். வீட்டில் குறை இருந்தால் விற்றவர் பொறுப்பில்லை, வாங்குபவன்தான் கண்ணைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்பது அங்கே பழங்காலத்திலிருந்து வரும் விதி.

1981இல் யியானி என்ற தம்பதியின் வழக்கு வந்தது. லண்டன் ஹார்ன்ஸி பகுதியில் 15,000 பவுண்டுக்கு வீடு. ஹாலிஃபாக்ஸ் சொசைட்டி 12,000 கடன் கொடுத்தது. பிறகு அஸ்திவாரம் இறங்கியது தெரிந்தது. சரிசெய்ய 18,000 ஆகும் என்றார்கள், அதாவது வீட்டு விலையைவிட அதிகம். 'தனியாக சர்வே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள்தான் அச்சடித்துக் கொடுத்தோமே' என்ற வாதம் எடுபடவில்லை. வாங்குபவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேர்தான் தனி சர்வே எடுக்கிறார்கள் என்ற சாட்சியம் நீதிமன்றத்தில் வந்தது. மற்றவர்கள் எல்லாம், 'சொசைட்டியே கடன் கொடுத்துட்டான், அப்ப வீடு நல்லாத்தான் இருக்கும்' என்று நம்பினார்கள். இந்த வசனத்தை நம்மூரில் கேட்காதவர் உண்டா? அப்படி நம்புவார்கள் என்று மதிப்பீட்டாளருக்கும் தெரியும், ஆகவே அவருக்குப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பானது.

இதற்குப் பிறகு விண்ணப்பப் படிவங்களில் 'இந்த அறிக்கைக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்ற வாசகத்துக்கு மவுசு கூடியது. சாஃப்ட்வேர் லைசென்ஸில் வருமே, அதே பாணி. அந்த வாசகம் செல்லுமா என்ற கேள்விதான் ஸ்மித் வழக்கு.

நார்விச் நகரத்தில் சில்வர் ரோடு. திருமதி ஸ்மித் அங்கே ஒரு சாதாரண வரிசை வீட்டை 18,000 பவுண்டுக்கு வாங்கினார். அபே நேஷனல் சொசைட்டியில் அவர் வாங்கிய கடன் வெறும் 3,500. மதிப்பீட்டுக் கட்டணம் 36 பவுண்டு 89 பென்ஸ். பெரிய பழுது எதுவும் இல்லை என்ற அறிக்கையின் நகல் அவர் கைக்கும் வந்தது. அதை நம்பி, வேறு யாரையும் கேட்காமல் வாங்கிவிட்டார். சுமார் 18 மாதம் கழித்து புகைபோக்கியின் செங்கல்கள் கூரையைப் பொத்துக்கொண்டு படுக்கையறையில் விழுந்தன.

காரணம் எளிமையானது. பழைய ஆங்கிலேய வீடுகளில் புகைபோக்கியைத் தாங்குவது, அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு கனமான செங்கல் கட்டு. யாரோ முன்பு இடம் கிடைக்கட்டும் என்று மாடி அறையில் இருந்த கட்டை இடித்துவிட்டார்கள். பரணுக்குள் இருந்த மீதியும், கூரைக்கு மேலே இருந்த புகைபோக்கியும் அந்தரத்தில் நின்றன. கீழே கட்டு இடிக்கப்பட்டதைப் பார்த்த மதிப்பீட்டாளர், மேலே இருப்பதை எது தாங்குகிறது என்று பார்க்கவில்லை. தலையைத் தூக்கிக் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி.

கூடவே விசாரிக்கப்பட்ட ஹாரிஸ் வழக்கு இன்னும் விசித்திரம். அங்கே கடன் கொடுத்தது உள்ளாட்சி மன்றம். அறிக்கையை வாங்குபவர்களிடம் காட்டவே இல்லை. மூன்று வருடம் கழித்து அவர்கள் விற்கப் போனபோது, அதே வீட்டைப் பார்க்க அதே மதிப்பீட்டாளர் வந்தார். இந்த முறை பெரிய கட்டுமானப் பழுது இருப்பதாகச் சொன்னார்!

1989 ஏப்ரலில் பிரபுக்கள் சபை இரண்டு வழக்கிலும் வாங்கியவர்கள் பக்கம் நின்றது. பொறுப்புத் துறப்பு வாசகம் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நியாயமானதாக இருக்க வேண்டும். சிறிய வீடு வாங்கும் எளிய மனிதரிடம் அது நியாயமில்லை. ஸ்மித்துக்குக் கிடைத்தது 4,379 பவுண்டு 97 பென்ஸ்.

ஆனால் இந்தப் பாதுகாப்பின் எல்லையையும் அந்தத் தீர்ப்பே காட்டிவிட்டது. சொந்தக் குடியிருப்புக்கான சிறிய வீட்டுக்குத்தான் இது. விலையுயர்ந்த சொத்தாக இருந்தால் வேறு கணக்கு என்றார்கள். 2011இல் வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய ஒருவர், கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதிய மதிப்பீட்டை நம்பியதாக வழக்குப் போட்டுத் தோற்றார்.

ஸ்காட்லாந்து இந்தச் சிக்கலை வேறு விதமாகப் பார்த்தது. அங்கே ஒரே வீட்டுக்குப் போட்டி போடும் ஐந்து பேர் ஐந்து சர்வே எடுத்து, நான்கு பேர் காசை இழப்பது சகஜமாக இருந்தது. 2008 டிசம்பர் முதல் விற்பவரே அறிக்கை எடுத்து எல்லோருக்கும் காட்ட வேண்டும். இங்கிலாந்தும் முயன்றது, ஆனால் வீட்டின் நிலையைச் சொல்லும் அறிக்கையைக் கட்டாயமாக்காமலே 2007இல் திட்டத்தைத் தொடங்கி, 2010இல் நிறுத்திவிட்டார்கள். முக்கியமான மாட்யூலை எடுத்துவிட்டு ரிலீஸ் பண்ணினால் என்ன ஆகும்?

ஆகவே இங்கிலாந்தில் தேர்வு இன்னும் வாங்குபவர் தலையில்தான். இப்போது மூன்று நிலைகள்: முதலாவது மேலோட்டம், இரண்டாவது சுமாரான நிலையில் உள்ள வழக்கமான வீடுகளுக்கு, மூன்றாவது பழைய, இடித்துக் கட்டிய, மாற்றிய வீடுகளுக்கு. மூன்றிலுமே சுவரை உடைத்தெல்லாம் பார்க்க மாட்டார்கள். என் கணக்கில், ஒரு சுவரை யாராவது இடித்திருந்தாலே மூன்றாவதுதான். புதுப்பித்த வீடு என்றால் கவலை இல்லை என்பதும் தப்பு. டெவன் மாகாணத்தில் 2011இல் பெருமளவு மாற்றிக் கட்டிய வீட்டை 12 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய தம்பதிக்கு இரண்டாவது வகை அறிக்கைதான் கிடைத்தது. கட்டுமானத்தை மேற்பார்த்த நிபுணரின் சான்றிதழைக் கேட்டு வாங்கச் சொல்லவும் இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தச் சர்வேயருக்கு எதிரான தீர்ப்பை 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

இன்னொன்று என் தொழில் சம்பந்தப்பட்டது. இப்போது பல வங்கிகள் மதிப்பீட்டுக்கு ஆளே அனுப்புவதில்லை. அக்கம்பக்கத்து வீடுகள் என்ன விலைக்குப் போயின என்ற தரவை வைத்து ஒரு நிரல் விலை சொல்லிவிடுகிறது. நில ஆவணத் துறை 1995 முதலான விற்பனை விலைகளை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது; நானும் எடுத்துப் பார்த்தேன். தெரு, விலை, தேதி, வீட்டின் வகை, புதிதா பழையதா என்றெல்லாம் பத்திகள் இருக்கின்றன. மாடியில் எந்தக் கட்டை இடித்தார்கள் என்பதற்குப் பத்தி இல்லை.