ஒதுக்கி வைத்த பாடம்



மரக்காணத்துக்கு வரும் வெளியூர்ப் பிரசங்கியார் எவராயினும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பளப் பாத்திகளைக் கண்ட மாத்திரத்தில் தமது தலைப்பை முடிவு செய்துவிடுகிறார்: மலைப்பிரசங்கத்தின் உப்பு. "ஐயா, உப்பு எங்களுக்குத் தெரியும், வேறு ஏதாகிலும் சொல்லச் சொல்லுங்கள்" என்று உப்பு வாரும் மூதாட்டி ஒருவர் ஆராதனைக்குப் பின் என்னிடம் கூறினார். நானும் அதே பிழையைச் செய்தவன் ஆகையால், மறுமொழி சொல்ல இயலவில்லை.

பிரசங்கத்தின் தலைப்பைத் தெரிந்தெடுப்பவர் யார்? இக்கேள்வி பழையது. 1519 ஜனவரி 1 அன்று சூரிச் நகரில் சுவிங்லி, ஞாயிறுதோறும் குறிக்கப்பட்டிருந்த பாடங்களை விட்டு, மத்தேயு சுவிசேஷத்தைத் தொடக்கமுதல் தொடர்ச்சியாகப் பிரசங்கிக்கத் தொடங்கினார். லூத்தரோ பழைய பாட வரிசையைப் பெரும்பாலும் காத்துக்கொண்டார். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் புளுட்சோவும் அந்த லுத்தரன் மரபில் வளர்ந்தவர்கள். ஆகவே தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபை தன் முதல் நாட்களிலேயே திருச்சபை ஆண்டை அறிந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் தலைப்பும் பாடங்களும் குறித்துத் தருகிறது. வட அமெரிக்கச் சபைகள் பல கூடி 1992-இல் வெளியிட்ட மூன்றாண்டு அட்டவணை ஒன்றும் பல தேசங்களில் வழங்குகிறது. முதலாண்டு மத்தேயு, அடுத்து மாற்கு, பின்பு லூக்கா. யோவான் இடையிடையே வரும். (அதில் உப்பின் பாடத்துக்கும் முறை உண்டு: 2026 பிப்ரவரி 8. அதுவரை அந்த அம்மையார் நிம்மதியாக இருக்கலாம்.)

இவற்றை இறையியல் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதினேன். ஆயினும் அட்டவணையின் பயனை நான் கற்றது அங்கே அன்று.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்த அட்டவணையில் அன்றைய சுவிசேஷ பாடம் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தின் பிற்பகுதி: எகிப்துக்கு ஓடிய பரிசுத்த குடும்பம், ஏரோதின் வாள், பிள்ளைகளை இழந்து தேறுதலடையாத ராகேல். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இதைச் சொல்வானேன் என்று இளம் ஆயனாகிய நான் அதை ஒதுக்கி, மேய்ப்பரின் மகிழ்ச்சியைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்தேன். அன்று காலை ஒன்பது மணியளவில் கடல் எழுந்தது. மரக்காணத்துக் குப்பங்கள் தொடங்கி வேளாங்கண்ணிக்கு அப்பாலும் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். சிலர் உங்கள் வீட்டிலேயே அறிவீர்கள்.

அடுத்த ஞாயிறு, ஜனவரி 2, ஒதுக்கி வைத்த அதே பாடத்தை எடுத்தேன். பிரசங்கம் என்று சொல்லத்தக்க ஒன்றையும் நான் செய்யவில்லை. பாடத்தை வாசித்தேன், ராகேலின் பெயர் வந்த இடத்தில் பெண்கள் பகுதியிலிருந்து எழுந்த அழுகை அடங்கும்வரை நின்றிருந்தேன். மேய்ப்பரின் மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் அந்தப் பாடத்தை நானாக ஒருநாளும் தெரிந்தெடுத்திருக்கமாட்டேன்.

திருச்சபை ஆண்டு நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிற்றில் தொடங்குகிறது. நம் ஊரில் அது வடகிழக்குப் பருவமழையின் நடுவே வருகிறது. பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும்; உப்பளக் கூலி நின்றிருக்கும்; கடைக்காரரின் கணக்கு நோட்டில் பக்கங்கள் நிறையும். அட்வெந்து என்றால் காத்திருத்தல் என்று பிரசங்க பீடத்தில் நின்று விளக்கும்போது, கேட்பவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும் என்னும் கூச்சம் எனக்கு ஆண்டுதோறும் உண்டு.

இவ்வாண்டு அட்வெந்து முதலாம் ஞாயிறு நவம்பர் 30 அன்றே வருகிறது. மீண்டும் மத்தேயுவின் ஆண்டு. நோவாவின் நாட்களையும் விழித்திருத்தலையும் பற்றிய இருபத்துநான்காம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துவிட்டு வாருங்கள். டிசம்பர் 28 அன்று ராகேலின் பாடம் திரும்ப வருகிறது. இம்முறை அதை ஒதுக்கமாட்டேன். அந்த அலையில் உறவுகளை இழந்தவர்கள் எவராகிலும் அன்று பாடத்தை வாசிக்க விரும்பினால், முந்தின வாரமே என்னிடம் சொல்லுங்கள்.