கண்ணீருக்கு ஒரு புதுவழி

மூவார் ஆறும் செர்த்திங் ஆறும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. முன்னாளில் வணிகர் இடைநிலத்தில் படகுகளை இழுத்துச் சென்று பகாங் ஆற்றுவழியை அடைந்தனர். பெனாரிக்கான் என்பது அவ்விழுவைப்பாதையின் பெயர். கண் மருத்துவ வரலாற்றிலும் இத்தகைய வழியமைப்பைக் காண்கிறோம்.

கண்ணீர், கண்ணீர்ப்பையையும் நாளத்தையும் கடந்து மூக்கினுள் வடிகிறது. நாளம் அடைபட்டால் கன்னத்தில் வழியும். பையில் சீழும் சேரலாம். 1713-இல் பிரெஞ்சு மருத்துவர் ஆனெல், நுண்சலாகையும் பீச்சுகுழலும் கொண்டு அடைப்பை நீக்க முற்பட்டார். பெரியவர்களுக்கோ அடைப்பு மீண்டும் நேர்வதுண்டு. சீழ்ப்பையையே அகற்றியபோது சீழ் நீங்கிற்று, நீர்வடிதல் நிற்கவில்லை. 1904-இல் இத்தாலியரான தோத்தி, மூக்கையொட்டிய எலும்பில் துளையிட்டுப் பையை மூக்கினுள் திறந்துவிட்டார். இன்றைய அறுவை முறைகளுக்கும் அதுவே அடிப்படை.

ஆதலின், முதியோர் கண்ணில் வடியும் நீரை மூப்பின் இயல்பென்று நாம் ஒதுக்கலாகாது. அடைபட்ட வழிக்கு மாற்றுவழி உண்டென்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.