‘டீம்’ என்னும் ஆங்கில வினையின் பொருள் வரலாறு

ஆங்கிலச் சட்டங்களைத் தமிழாக்குவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் வினை ‘டீம்’. குழுவைக் குறிக்கும் ‘டீம்’ வேறு சொல். அகராதிகள் இவ்வினைக்குக் ‘கருது’, ‘எண்ணு’ எனப் பொருள் தருகின்றன. பொதுவழக்கிற்கு இது பொருந்தும், சட்டவழக்கிற்குப் போதாது. காரணம் சொல்லின் வரலாற்றில் உள்ளது.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘டேமன்’, பொருள், தீர்ப்பளித்தல். தீர்ப்பு, சட்டம் எனப் பொருள்படும் ‘டோம்’ என்னும் பெயரடியாக அது பிறந்தது. வினையாக்க விகுதியின் யகர ஒலி, முன்னின்ற ஓகாரத்தை ஏகாரமாகத் திரித்தது. பிற்கால நெட்டுயிர் மாற்றத்தில் ஏகாரம் ஈகாரமாயிற்று. பெயரின் ஓகாரம் ஊகாரமாகி ‘டூம்’ ஆயிற்று. ‘கிங்டம்’, ‘ஃப்ரீடம்’ ஆகியவற்றின் ஈற்றில் நிற்பதும் இப்பெயரே.

1066இல் நார்மானியர் வென்றபின் நீதிமன்றங்களில் பிரெஞ்சுச் சொற்கள் இடம்பெற்றன. தீர்ப்பிருக்கையை ‘ஜட்ஜ்’ கைக்கொள்ள, ‘டீம்’ மனத்தளவிலான மதிப்பீட்டைக் குறிப்பதாகச் சுருங்கியது. ‘டூம்’ இறுதித் தீர்ப்புநாளின் சார்பால் கேடு என்னும் பொருளை எய்தியது. 1086ஆம் ஆண்டு நிலக்கணக்கேட்டிற்கு ‘டூம்ஸ்டே’ என மக்கள் பெயரிட்டது, அதன் முடிபுகளை மாற்றவியலாது என்பதனாலேயே என்று 12ஆம் நூற்றாண்டு நூலொன்று விளக்குகிறது. மான் தீவில் மட்டும் நீதிபதி இன்றும் ‘டீம்ஸ்டர்’.

இவற்றின் மூலம் ‘வைத்தல்’ எனப் பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய வேர். வடமொழியின் ‘தா’ இதற்கு இனமானது (கொடுத்தற்பொருளதன்று, தமிழெழுத்து இவ்வேறுபாட்டைக் காட்டாது). வைக்கப்பட்டது சட்டம், வைப்பது தீர்ப்பு. தமிழிலும் ‘மழை பெய்ததென்று வைத்துக்கொள்வோம்’ என்கிறோம். இஃது இனவுறவன்று, பொருண்மை ஒப்புமையே. எனினும் மொழிபெயர்ப்பாளர்க்கு மிகப் பயன்படும்.

ஏனெனில் சட்டத்தின் ‘டீம்’ எவருடைய கருத்தையும் கூறுவதன்று. உண்மையில் இல்லாத நிலையை உள்ளதாக வைக்கும் ஆணை அது. அவ்வாறு வைத்தபின் அதன் விளைவுகளையும் ஏற்க வேண்டும் என்பது 1951இல் இங்கிலாந்தில் ஆஸ்குவித் பிரபு கூறிய விதி. 1953இல் இந்திய உச்சநீதிமன்றமும் இதனைப் பின்பற்றியது. 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டத்தின் 3ஆம் பிரிவும் இவ்வகையினதே. அதன்படி 1958இல் இந்திய அறிவியல் கழகம் அந்நிலை பெற்றபோது, அதனை எவரும் பல்கலைக்கழகமென மயங்கவில்லை. சட்டம் அவ்விடத்தில் அதனை வைத்தது.

இதற்கு வழங்கும் ‘நிகர்நிலை’ நல்ல ஆக்கம். ஆயினும் பெயரடையாக மட்டுமே பயன்படும். வினையாக வருமிடத்துக் ‘கருதப்படும்’ என்றால், கருதுவோர் யார், மாற்றிக் கருதலாமா என்னும் வினாக்கள் எழும். ‘கொள்ளப்படும்’ என்பதில் அவற்றிற்கு இடமில்லை.